மேற்கோள் வரிசையில் முதல் பெயர்

ஜூன் 11, திங்கள்

கடைசி நீட்டிப்பு கிடைத்துவிட்டது. நவம்பர் முப்பதுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்தாகிவிடும். நெறியாளர் அருள்ராயன் சார் போனில் சிரித்துக்கொண்டேதான் பேசினார். ஆனால், "ஆவுடைச்செல்வி, இனிமே நான் போயி யார்ட்டயும் கெஞ்ச முடியாதும்மா" என்றபோது சிரிப்பு இல்லை. அன்றன்று முடித்த வேலையை எழுதி வைத்தால் நாள் நழுவாது என்று தோன்றியது. அதற்காகவே இந்த நாட்குறிப்பு.

இந்தியாவில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் பதினைந்து வருடங்களில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் எல்லாவற்றையும் இறக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டுரையையும் பின்னால் வந்தவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று அளப்பதே என் ஆய்வு. மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன் என்பதால் இந்தத் தலைப்பு அமைந்தது. மற்றபடி எனக்குக் காதும் தெரியாது, தொண்டையும் தெரியாது.

இவர் கோர்ட்டிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். மாவட்ட நீதிமன்றத்தில் டவாலி வேலை. வழக்கில் சம்பந்தப்பட்டவர்களின் பெயரை வராண்டாவில் நின்று மூன்று முறை கூப்பிடுவார். கூப்பிட்டால் வேப்பமரத்தடி டீக்கடை வரை கேட்கும்.

"அப்ப வக்கீல் ஐயாமாரு, இன்ன தீர்ப்புல இப்படிச் சொல்லிருக்குன்னு எடுத்துக் காட்டுவாவல்லா, அது மாதிரி எத்தன பேரு காட்டிருக்காவன்னு எண்ணுத?"

"அதேதான்."

"எண்ணு, எண்ணு. நீ டாக்டர் ஆனா நானே கோர்ட்டு வாசல்ல நின்னு மூணு வாட்டி கூப்பிடுதேன்."

சொல்லிவிட்டு இருமினார். கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்த முதல் வாரம், தொண்டை கட்டியிருக்கிறது. வெந்நீர் கொடுத்தேன்.

ஜூன் 17, ஞாயிறு

மதிவதனி நாகர்கோவில் ஹாஸ்டலிலிருந்து பேசினாள். அப்பாவிடம் பேசிவிட்டு மறுபடி என்னைக் கேட்டாள்.

"அம்மா, அப்பாக்கு என்ன? வேற யாரோ பேசுத மாதிரி இருக்கு."

"தொண்ட கெட்டிருக்கு."

"போன வாரமும் இதத்தான சொன்ன?"

இவளுக்கு எப்போதும் பயம்தான். பரீட்சைக்குப் படி என்றேன். இன்று இட்லிக்கு அரைத்தேன், துணி துவைத்தேன், முந்நூறு பதிவுகளைச் சரிபார்த்தேன்.

ஜூன் 29, வெள்ளி

பெயர்களோடு சண்டை. ஒரே மருத்துவர் ஒரு கட்டுரையில் முழுப்பெயரோடு இருக்கிறார், இன்னொன்றில் முதலெழுத்தோடு இருக்கிறார். இன்னொரு பக்கம், நாலைந்து பேர் ஒரே பெயரில் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள். யார் யார் என்று பிரிக்காமல் வரிசைப்படுத்த முடியாது. காது முடிந்தது, மூக்கு முடிந்தது. தொண்டையில் குரல்வளை பாக்கி இருக்கிறது.

வீடு அமைதியாக இருக்கிறது. இவர் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. எனக்கு வேலை நன்றாக ஓடுகிறது.

ஜூலை 10, செவ்வாய்

கற்பூரவல்லி, சுக்கு, அதிமதுரம். ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 19, வியாழன்

கோர்ட்டில் இன்று அசிங்கமாகிவிட்டது. இவர் சொல்லவில்லை, உடன் வேலை பார்ப்பவர் வீடு வரை கொண்டுவந்து விட்டுவிட்டு என்னிடம் சொன்னார்.

ஜீவனாம்ச வழக்கு ஒன்று. மானூர் பக்கத்துப் பெண். காலையிலிருந்து மரத்தடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். இவர் வராண்டாவில் நின்று மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். காற்றுதான் வந்திருக்கிறது. அவள் எழுந்து வரவில்லை. மனுதாரர் ஆஜராகவில்லை என்று வழக்கு தள்ளுபடி. மத்தியானம் விஷயம் தெரிந்து அவள் வந்து இவர் முன்னால் மண்ணை வாரித் தூற்றாத குறை.

"ஏன்யா, ஒனக்கு வாயி இல்லியா? நான் அங்கனதான இருந்தேன்!"

இவர் அவளுடைய வக்கீலைத் தேடிப் போய், மறுபடி எடுக்க மனுப் போடச் சொல்லி, நீதிபதியிடம் தன்மேல்தான் தப்பு என்று எழுதியும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வந்தவர் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கி டாக்டர்ட்ட போவமா?" என்று இவரே கேட்டார். அந்தக் குரலை இன்றுதான் நிமிர்ந்து கேட்டேன். மரத்தில் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி இருந்தது.

பீடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது.

ஜூலை 21, சனி

பாளையங்கோட்டையில் டாக்டர் ரஹ்மத் நிஷாவின் கிளினிக். அரசு ஆஸ்பத்திரியில் வேலை, சாயங்காலம் இங்கே. மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயைவிட்டுத் திரையில் காட்டினார். இரண்டு வெள்ளைக் குரல் நாண்கள். அதில் ஒன்றின் மேல் பூவரச மொட்டு மாதிரி ஒரு வீக்கம். எனக்கு அந்தப் படம் புதிதல்ல. குரல்வளைக் கட்டுரைகளில் பார்த்துப் பார்த்துச் சலித்த படம்.

"எவ்வளவு நாளா குரல் இப்படி இருக்கு?"

"ரெண்டு மாசம் இருக்கும்" என்றேன்.

"மூணு வாரத்துக்கு மேல போனாலே வரணும்மா." கோபமாகச் சொல்லவில்லை. திங்கள்கிழமை சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள்.

ஜூலை 28, சனி

புற்றுநோய்தான்.

டாக்டர் நிஷா அவசரமில்லாமல் சொன்னார். ஆரம்பக் கட்டம். நாண் இன்னும் அசைகிறது. கதிர்வீச்சு கொடுத்தால் போதும், நம் ஊரிலேயே வசதி இருக்கிறது. வெட்ட வேண்டியதில்லை, குரலும் பெரும்பாலும் திரும்பிவிடும்.

"வர்ற பத்து நாளுக்குள்ள ஆரம்பிச்சிரணும். திங்கக்கிழம அங்க போங்க, நான் பேசி வைக்கிறேன். தள்ளிப் போடாதீங்க."

இவர் தலையாட்டினார். "சரிங்க டாக்டரம்மா."

நான் கேட்டேன்: "நீங்க இது மாதிரி எத்தன பேருக்குப் பாத்திருக்கீங்க?"

"கணக்கு வச்சுக்கலம்மா. மாசத்துக்கு ரெண்டு மூணு வரும்."

கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 29, ஞாயிறு

என் பட்டியலில் தேடினேன். டாக்டர் ரஹ்மத் நிஷா பெயரில் இரண்டு கட்டுரைகள். காதுக்குள் பூச்சி போனது பற்றி ஒன்று, பல்செட்டை விழுங்கியது பற்றி ஒன்று. இரண்டையும் இதுவரை ஒருவரும் மேற்கோள் காட்டவில்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை. இருப்பதை எழுதுகிறேன்.

குரல்வளைப் புற்றுநோயில் வரிசையின் முதல் பெயர் டாக்டர் வரதகோபன், சென்னை. இரண்டாவது இடத்தில் இருப்பவர் அவருக்குப் பாதி தூரத்தில்கூட இல்லை. குரலைக் காப்பாற்றும் சிகிச்சையைப் பற்றி அவர் எழுதியதை ஜப்பான்காரர்கள் வரை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு நாடே ஒருவரை முதலில் வைத்திருக்கிறது, அது என் மேஜை மேல் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் பக்கத்துத் தெருவில் போய் நிற்க முடியுமா? புடவை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குகிறோம்.

இவரிடம் பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதெல்லாம் நீ கண்டுபிடிச்சதா?"

"ஆமா."

"அப்ப நீ சொல்லுத மாதிரியே செய்வோம்."

"டாக்டரம்மா திங்கக்கிழம..." என்று இழுத்தேன்.

"எனக்கு என்ன தெரியும் ஆவுடை? நீ படிச்சிருக்க."

வரதகோபன் அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 2, வியாழன்

அவரே பதில் போட்டிருக்கிறார்! என் ஆய்வைப் பற்றி ஆர்வமாக விசாரித்திருக்கிறார். ஒன்பதாம் தேதி வரச் சொல்லிவிட்டார். அருள்ராயன் சாருக்கும் சந்தோஷம். "அவரைப் பாத்தா ஒரு பேட்டியும் எடுத்துருங்கம்மா, அஞ்சாவது அத்தியாயத்துக்கு ஆகும்" என்றார்.

டாக்டர் நிஷாவின் கிளினிக்கிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. அடுப்படியில் இருந்தேன்.

ஆகஸ்ட் 9, வியாழன்

நெல்லை எக்ஸ்பிரஸ், பிறகு ஆட்டோ. ஆஸ்பத்திரி ஒரு ஊர் மாதிரி இருக்கிறது.

வரதகோபன் நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். என் பட்டியலைக் கேட்டு வாங்கினார். வரிசையை மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். இரண்டாவதாக இருப்பவரின் பெயரில் விரலை வைத்துச் சிரித்தார். "இவன் என்கிட்ட படிச்ச பையன்." இவர் மடியில் ஸ்கேன் உறையை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் நான்தான் கேட்டேன். "சார், ட்ரீட்மெண்ட் நீங்களே...?"

"நானா? நான் நோயாளி பாத்து ஏழெட்டு வருஷம் ஆச்சும்மா. இப்ப நிர்வாகம், மீட்டிங், இதுதான். நீங்க பாத்த பேப்பர் எல்லாம் அந்தக் காலத்து வேல. கவலப்படாதீங்க, எங்க யூனிட்ல பசங்க நல்லா பண்ணுவாங்க."

பையன்களில் ஒருவர் வந்து அழைத்துப் போனார். எல்லாப் பரிசோதனையையும் முதலிலிருந்து இங்கே எடுக்க வேண்டுமாம். ஊரில் எடுத்த சதையையும் இவர்கள் மறுபடி பார்க்க வேண்டுமாம். பிறகு மருத்துவர்கள் கூடிப் பேசி முடிவு செய்வார்களாம்.

லாட்ஜுக்கு வந்ததும் இவர் கேட்டார், "ஊருக்கே போயிருவமா ஆவுடை?"

"இவ்வளவு தூரம் வந்துட்டா?" என்றேன்.

ஆகஸ்ட் 20, திங்கள்

ஸ்கேனுக்கு இருபத்தேழாம் தேதி. ஊருக்கு வந்துவிட்டோம். குரல்வளை அட்டவணை முடிந்தது. அத்தியாயம் நான்கு பாதி.

ஆகஸ்ட் 31, வெள்ளி

இருபத்தேழாம் தேதி போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு திரும்பினோம். ஊரில் எடுத்த சதையை வைத்து அனுப்பிய கண்ணாடித் தகடு வந்து சேரவில்லை என்கிறார்கள் சென்னையில். அனுப்பிவிட்டோம் என்கிறார்கள் இங்கே. இரண்டு பக்கமும் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். வரதகோபன் ஒரு மாநாட்டுக்குப் போயிருக்கிறார்.

வரிசையில் அடுத்தடுத்து இருக்கிற நாலு பேருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன்.

செப்டம்பர் 5, புதன்

நாலு பேரில் ஒருவர் போன வருடம் இறந்துவிட்டார். மகள் பதில் எழுதியிருந்தார். இன்னொருவர் அமெரிக்காவில் இருக்கிறார். மூன்றாமவர் இரண்டு வரியில் நன்றி சொல்லி, தன் கட்டுரையின் பிரதியை இணைத்து அனுப்பியிருந்தார். அந்தக் கட்டுரை என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாலாமவரிடமிருந்து பதிலே இல்லை.

இவருக்குத் தோசை விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது. இன்றிலிருந்து கஞ்சி.

செப்டம்பர் 7, வெள்ளி

ஆஸ்பத்திரி எண்ணுக்கு அடித்தால் பாட்டு வருகிறது. பாட்டு முடிந்ததும் இணைப்பு அறுந்துவிடுகிறது. மறுபடி அடித்தேன். மறுபடி. நூலகத்தில் மாணவர்கள் புத்தகத்தோடு வரிசையில் நின்றார்கள். நான் போனைக் காதில் வைத்தபடியே முத்திரை குத்திக் கொடுத்தேன். ஒரு பெண், "மேடம், இது என் புக் இல்ல" என்றாள்.

மத்தியானம் டாக்டர் நிஷாவே போன் செய்தார். பெயர் திரையில் வந்தது. எடுத்து என்ன சொல்வது? அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது போனால் சேர்த்துக்கொள்வாரா? சேர்த்துக்கொள்வார். அந்தம்மாள் அப்படிப்பட்டவர்தான்.

போகவில்லை.

செப்டம்பர் 13, வியாழன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்தேன். இவர் ஒன்றைக் கையில் எடுத்து, பிட்டு, வாயில் வைத்து, வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். "நல்லாருக்கு" என்று உதட்டை அசைத்தார்.

செப்டம்பர் 24, திங்கள்

சென்னை. சேர்த்துக்கொண்டார்கள். குழாயைவிட்டு மறுபடி பார்த்தார்கள். திரையில் ஒரு நாண் திறந்து திறந்து மூடுகிறது. இன்னொன்று அப்படியே நிற்கிறது. மொட்டு இருந்த இடத்தில் முட்டைக்கோஸ் மாதிரி ஏதோ.

இளைய மருத்துவர் பழைய அறிக்கையைப் புரட்டிப் பார்த்தார். "ஜூலைல அசைவு இருந்திருக்கே?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் என்னிடம், "அப்பவே ரேடியேஷன் யாரும் சொல்லலையா?"

"பெட்ஷீட் எங்க வாங்கணும்?" என்று கேட்டேன்.

செப்டம்பர் 26, புதன்

குருத்தெலும்பு வரை போய்விட்டது. குரல்வளை முழுவதையும் எடுக்க வேண்டும். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், மூச்சு அது வழியாக வரும். பேச்சு வராது. பிறகு பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம், கருவி இருக்கிறது, பலபேர் பழகிக்கொள்கிறார்கள்.

இவர் எல்லாவற்றையும் கேட்டார். "உசிரு இருக்கும்லா?" என்று மட்டும் கேட்டார். இருக்கும் என்றார்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போட்டார்.

நான் வரதகோபன் அறைக்கு ஓடினேன். உதவியாளர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "சார், குரலைக் காப்பாத்தலாம்னு நீங்க எழுதிருக்கீங்க. நீங்கதான எழுதுனீங்க? நூத்துக்கணக்கான பேரு அத எடுத்துச் சொல்லிருக்காங்க சார். நான் எண்ணினேன் சார்." கை கூப்பினேனா, மேஜையைப் பிடித்துக்கொண்டேனா, நினைவில்லை. அவர் எழுந்து வந்து என் தோளருகில் நின்றார்.

"அது ஆரம்பக் கட்டத்துக்கும்மா" என்றார்.

ஆமாம். தலைப்பிலேயே இருக்கிறது. தட்டச்சு செய்தவளே நான்தான்.

அக்டோபர் 1, திங்கள்

காலையில் மதிவதனி போனில் அழுதாள். கூடவே வருகிறேன் என்றவளை, பரீட்சை முடித்துவிட்டு வா என்று இவர்தான் தடுத்திருந்தார். "அப்பா எதாச்சும் பேசுங்க, நான் பதிஞ்சு வச்சுக்கிடுதேன்" என்றாள். இவர் போனை வாங்கி, "சாப்பிட்டியாம்மா?" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தள்ளுவண்டி வந்தது. பச்சை உடுப்பில் இவர் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். நான் கூடவே நடந்தேன். அறுவை அறை வாசலில் என்னை நிறுத்திவிட்டார்கள். வண்டி உள்ளே போகிற சமயத்தில் இவர் தலையைத் தூக்கினார்.

"ஆவுடைச்செல்வி... ஆவுடைச்செல்வி... ஆவுடைச்செல்வி..."

கோர்ட்டில் கூப்பிடுகிற ராகம். காற்றும் கரகரப்புமாக வந்தது. வராண்டாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருக்கேன்" என்றேன். கதவு சாத்திக்கொண்டது. கேட்டிருக்குமோ என்னவோ.

அக்டோபர் 2, செவ்வாய்

கண் திறந்தார்.

அக்டோபர் 9, செவ்வாய்

களக்காட்டிலிருந்து மதினி வந்திருக்கிறார்கள். பார்வதி மதினி, இவருக்கு அக்கா. தம்பியின் கழுத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"ஏட்டி ஆவுடை, நம்மூர்லயே பாத்திரலாம்னு அந்தத் துலுக்க டாக்டரம்மா சொன்னாவளாமே? மதி சொன்னா. பெறவு எதுக்கு மெட்ராஸுக்குத் தூக்கிட்டு வந்திய? யாரு முடிவு இது?"

வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் கட்டிலைத் தட்டினார். பக்கத்தில் வைத்திருந்த எழுதும் பலகையை எடுத்து ஏதோ எழுதி அக்காவிடம் நீட்டினார்.

நாந்தான். அவ வேண்டாம்னுதான் சொன்னா.

"கூறுகெட்ட பயலே" என்று மதினி இவர் தலையைத் தடவிக்கொண்டே திட்டினார்கள். "பொண்டாட்டி படிச்சவ. அவ சொல்லுதத கேட்டா என்னல?"

நான் வெந்நீர் பிடிக்கப் போனேன். குழாயடியில் வரிசை இருந்தது. என் முறை வந்தும் நகரவில்லை போலிருக்கிறது. பின்னால் இருந்தவர், "அம்மா, பாத்திரம் நெறஞ்சி வழியுது" என்றார்.

அக்டோபர் 30, செவ்வாய்

ஊருக்கு வந்தாயிற்று. கழுத்துத் துளையில் வைத்திருக்கிற குழாயைக் காலையும் மாலையும் கழற்றி, சோடா உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, சின்னத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். துளையைச் சுற்றி ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சளி அடைத்தால் முகம் நீலமாகிவிடுகிறது, அப்போது யோசிக்க நேரமில்லை.

கோர்ட்டில் மருத்துவ விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். திரும்பினால் பதிவறையில் கோப்பு எடுத்துக் கொடுக்கும் வேலை. வராண்டாவில் இப்போது வேறு ஆள்.

நவம்பர் 17, சனி

ஆய்வேட்டை எழுத மாட்டேன் என்று மூடிவைத்தேன். இவர் மறுபடி திறந்து வைத்தார். மூடினேன். திறந்தார். பலகையில் பெரிய எழுத்தில் எழுதினார்: இதையும் விட்டுட்டா என்னதான் மிஞ்சும்?

நவம்பர் 30, வெள்ளி

கொடுத்துவிட்டேன். ஐந்து பிரதிகள்.

மார்ச் 20, புதன்

வாய்மொழித் தேர்வு. இவர் கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மதிவதனி பக்கத்தில்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மைசூர்க்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். உழைப்பைப் பாராட்டினார். வரிசைப் பட்டியல் இருக்கிற பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார்:

"இந்த வரிசை யாருக்குப் பயன்படும்?"

"ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குறவங்களுக்கு சார். எந்தத் துறையில நாடு எவ்வளவு பின்தங்கியிருக்குன்னு பாக்க."

"சரி. வேற?"

அந்தக் கேள்விக்கு ஆய்வேட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். நோயாளிகள் சிறந்த மருத்துவரைத் தேர்ந்தெடுக்க உதவும் என்று ஒரு வரியும் இருந்தது. ஜூன் மாதத்தில் எழுதிய வரி. நவம்பரில் அதை அடித்து நீக்கினேன்.

"வேற எதுக்கும் பயன்படாது சார்."

அருள்ராயன் சார் கனைத்தார். தேர்வாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஒரு நல்ல மருத்துவர் யாருன்னு இது காட்டாதா?"

"காட்டாது."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

கடைசி வரிசையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். இவர் தலையை மெல்ல அசைத்தார், வேண்டாம் என்பது போல.

"தெரியும் சார்" என்றேன்.

பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 22, திங்கள்

போன வாரம் பேப்பரின் உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி வந்தது. 'காது, மூக்கு, தொண்டை ஆராய்ச்சியில் நெல்லைப் பெண் டாக்டர்' என்று போட்டிருந்தார்கள். நூலகம் என்ற சொல் எங்கோ கடைசியில் இருந்தது.

இன்று சாயங்காலம் வாசலில் ஒரு பெண். பேட்டையிலிருந்து வருகிறாளாம். கூடவே புருஷன், டீ மாஸ்டர்.

"தொண்ட டாக்டரம்மா வீடு இதான? பேப்பர்ல பாத்தோம்."

"நான் அந்த டாக்டர் இல்லம்மா. இது புஸ்தகப் படிப்பு."

"பரவால்லம்மா. சும்மா ஒரு எட்டு பாத்துச் சொல்லுங்க. பொங்கல்லருந்து இவியளுக்குத் தொண்ட கெட்டிருக்கு. பாக்காத வைத்தியமில்ல."

"சூடுதாம்மா, டீக்கட அடுப்புல நிக்கேம்லா" என்றார் அந்த ஆள்.

உப்புத்தாள்.

இவர் உள்ளே முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். முறத்தை வைத்துவிட்டு வெளியே வந்தார். அந்த ஆளின் முன்னால் போய் நின்று, கழுத்துத் துணியை அவிழ்த்தார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு படி பின்னால் போனாள். இவர் அந்த ஆளின் தொண்டையைத் தொட்டுக் காட்டினார், பிறகு தன் துளையை. பிறகு செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினார். ஆட்டோ ஒன்று வேகமாக வந்தது. கூப்பிட முடியாதல்லவா, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றுவிட்டார். ஆட்டோக்காரன் கத்திக்கொண்டே நிறுத்தினான்.

நான் கதவைப் பூட்டினேன்.

டாக்டர் நிஷாவின் கிளினிக்கில் கூட்டம். எங்களைப் பார்த்ததும் அவர் இவர் கழுத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். டீ மாஸ்டரை உட்கார வைத்துக் குழாயைவிட்டுப் பார்த்தார். நாண் அசைகிறது. நாளைக் காலை சதை எடுக்க எழுதிக் கொடுத்தார்.

"நீங்க இவங்களுக்குச் சொந்தமா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல டாக்டர்."

"அப்புறம்?"

"உங்ககிட்டதான் வரணும்னு கூட்டிட்டு வந்தேன். நாங்களும்... அப்பவே வந்திருக்கணும் டாக்டர். உங்க போன எடுக்காதது நான்தான். எங்க வீட்டுக்காரங்க இல்ல."

டாக்டர் பேனாவை மூடினார். எழுந்து மேஜையைச் சுற்றி வந்து இவர் முன்னால் குனிந்தார். விளக்கைத் திருப்பி, துளையையும் குழாயையும் தொட்டுப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு. புண்ணு இல்ல, ஒண்ணுமில்ல. யாரு செஞ்சு விடுறா?"

இவர் என்னைக் காட்டினார்.

"வாரா வாரம் வாங்க. பேச்சுப் பயிற்சிக்கு நான் ஆள் சொல்றேன். லேட்டு ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நாளைக் காலையில் பேட்டைக்காரர்களோடு நானும் போகிறேன். நூலகத்துக்கு லீவு சொல்லிவிட்டேன்.